மேல்காற்றே மேடு

கழுகுமலை, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம். வரைபடத்தில் இந்த நான்கு ஊர்களின் மேலும் ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே கோட்டில் விழும். அந்தக் கோடும் ஏறத்தாழ நேர் மேற்கு கிழக்காக ஓடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாலைவழியே ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். காரில் போனால் நடுவில் என்ன இருந்தது என்பதே நினைவில் தங்காது. சைக்கிளில், அவசரமில்லாமல், டீக்கடைக்கு டீக்கடை இறங்கி ஏறிப் போனால் ஒரு முழுப்பகல். அந்தப் பகலில் மிதிக்கிற கால் எதை எதிர்த்துத் தள்ளுகிறது, காற்றும் மண்ணும் வெயிலும் அதற்கு எப்போது துணை, எப்போது பகை என்பதுதான் இந்த அத்தியாயம்.

சைக்கிளில் ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது மேட்டைப் பற்றித்தான். கரிசல்காட்டில் அந்தக் கவலை கிடையாது. கோவில்பட்டி கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் அளவுக்குத்தான் உயரம். கிழக்கே கடல் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கிறது. அதாவது ஆயிரம் மீட்டர் போனால் இரண்டு மீட்டர் இறக்கம். கண்ணுக்குத் தெரியாது, காலுக்கும் தெரியாது. ரயில்வே மேம்பாலமும் கம்மாய்க்கரையும்தான் இங்கே மேடு.

இந்தத் தட்டையான தரை நேற்று வந்ததில்லை. அடியில் கிடக்கும் நைஸ் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. ஒருகாலத்தில் இவற்றின் மேல் உயரமாக நின்றதையெல்லாம் மழையும் வெயிலும் ஆறுகளும் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. கரைய மறுத்த கெட்டியான மிச்சங்கள் அங்கங்கே ஒற்றைக் குன்றுகளாக நிற்கின்றன. கழுகுமலை அப்படியொரு மிச்சம். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர்காலச் சிற்பிகள் அந்தப் பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து வெட்டுவான் கோயிலைச் செதுக்கத் தொடங்கி, முடிக்காமல் விட்டுப்போனார்கள். பாறை அவ்வளவு கெட்டி என்பதற்குக் கோயிலே சாட்சி.

தரை தட்டை என்பதால் பார்வை தூரம் போகும். தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் கண் இருந்தால் அடிவானம் நாலரை கிலோமீட்டரில் இருக்கும். நூறு மீட்டர் உயரக் காற்றாலை என்றால், பூமியின் வளைவை மட்டும் கணக்கில் எடுத்தால், 40 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் அதன் தலை தெரிய வேண்டும். தூசியும் ஈரமும் அவ்வளவு தூரம் பார்க்க விடுவதில்லை. ஆனாலும் மழை கழுவிவிட்ட ஒரு காலையில் கயத்தாறுப் பக்கத்துக் காற்றாலைகளை எண்ணிக்கொண்டே மிதிக்கலாம். ஒரு மணி நேரம் மிதித்த பிறகும் அவை அப்படியே நிற்பதுபோல் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இனி கொஞ்சம் கணக்கு. கனமில்லாத கணக்குதான்.

நம் ஊர் உயரமான கறுப்பு சைக்கிளை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட பிறகு ஹெர்குலிஸ் என்ற பெயரில் ஊரூராகப் பரவியதே, அந்த வகை. எடை 20 கிலோ பக்கம். ஓட்டுகிறவர் 65 கிலோ. மொத்தம் 85. தார்ச்சாலையில் டயர் உருளும்போது அழுந்தி மீள்வதில் கொஞ்சம் ஆற்றல் வீணாகும்; அதனால் வரும் தடை ஏறத்தாழ 5 நியூட்டன். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாக மாறாது. இன்னொரு தடை காற்று. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஆளுக்கு அது வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும்.

காற்றில்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயருக்கு 21 வாட், காற்றுக்கு 26 வாட். செயினில் உரசிப்போவதையும் சேர்த்து 50 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். ஆரோக்கியமான யாரும் பேசிக்கொண்டே, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே, மணிக்கணக்காகத் தரக்கூடிய திறன் அது. வேகத்தை 25 ஆக்கினால் 155 வாட் வேண்டும். 30 என்றால் 250. வேகம் இரண்டு மடங்குதான். உழைப்பு ஐந்து மடங்கு. பந்தயக்காரர்கள் முதுகை வளைத்துக் குனிவது இந்த மூன்றாம் அடுக்கோடு மல்லுக்கட்டத்தான். நமக்கு அந்த வேலை இல்லை. 15-ஐத் தாண்டாமல் போகிறவருக்குக் காற்று மலிவாகவே வழிவிடுகிறது.

இந்த வேகம் சைக்கிளுக்கும் பொருந்தி வருகிறது. முன்பக்கப் பல்சக்கரத்தில் 44 பல், பின்பக்க ஃப்ரீவீலில் 18 பல் இருக்கும் வண்டியில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் ஐந்தரை மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வண்டி நகரும். மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 46 சுற்று. மில் ஷிப்டுக்குப் போகிறவர், பால்கேன் கட்டிப் போகிறவர், விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்கூடம் போகும் பதினோராம் வகுப்புப் பிள்ளை என்று யாரை வேண்டுமானாலும் பாருங்கள். கால்கள் அந்தத் தாளத்தில்தான் சுற்றும். யாரும் கணக்குப் போட்டுச் செய்யவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். எஸ். வில்சன் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் ஒரு ஒப்பீடு வரும். ஒரு கிராம் எடையை ஒரு கிலோமீட்டர் தூரம் நகர்த்த ஒவ்வொரு உயிரும் எந்திரமும் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகின்றன? நடக்கும் மனிதருக்கு ஏறத்தாழ 0.75 கலோரி; அவரே சைக்கிளில் ஏறிவிட்டால் 0.15. ஐந்தில் ஒரு பங்கு. ஒப்பிட்ட எல்லா உயிர்களையும் எந்திரங்களையும் அது முந்திவிட்டது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. ஒரு கிலோமீட்டர் நடக்கும் உழைப்பில் ஐந்து கிலோமீட்டர் போகலாம், குடத்தையும் பிள்ளையையும் கேரியரில் வைத்துக்கொண்டே போகலாம் என்பது வறண்ட பூமியில் ஒரு பெண்ணின் நாளையே மாற்றிப்போடும் கணக்கு. சமூக மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஐந்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

மெதுவாகப் போவதற்கும் ஓர் எல்லை உண்டு. பொங்கல் விளையாட்டில் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி நடக்காத ஊர் இங்கே குறைவு. கடைசியாக வருகிறவருக்குப் பரிசு. காலை ஊன்றினால் அவுட். அது ஏன் அவ்வளவு கஷ்டம்? சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போது ஹேண்டில்பாரை அதே பக்கம் திருப்பினால், சக்கரங்கள் சாய்ந்த உடம்பின் அடியில் போய் நின்றுகொள்ளும். ஓரளவு வேகத்தில் இந்தத் திருப்பத்தைச் சைக்கிள் தானாகவே செய்துகொள்கிறது. சுழலும் சக்கரம்தான் இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2011-இல் ஒரு ஆய்வுக்குழு, அந்தச் சுழற்சியின் விளைவை ரத்து செய்த ஒரு விசித்திரமான வண்டியைக் கட்டித் தள்ளிவிட்டுப் பார்த்தது. ஆளில்லாமலே அது நிமிர்ந்து ஓடியது. எடை எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதற்கும் அதில் பங்குண்டு என்று தெரிந்தது. நடை வேகத்துக்கு இறங்கிவிட்டால் தானாகச் சமாளிக்கும் குணம் போய்விடும். முழுப்பொறுப்பும் ஓட்டுகிறவரின் கைக்கு வந்துவிடும். அதனால்தான் போட்டியில் ஹேண்டில்பார் அப்படி வெட்டி வெட்டி ஆடுகிறது. குரங்குப்பெடல் போடும் சிறுவனின் பாடு இன்னும் மோசம். அவன் உடம்பு ஒரு பக்கம், வண்டி மறுபக்கம்; இரண்டின் நடுவே எடையை நிறுத்தியாக வேண்டும். யாரும் சொல்லித்தராமல் பத்து வயதில் அதைச் செய்கிறான்.

இதுவரை சொன்னது காற்றில்லாத நாளின் கதை. கோவில்பட்டியில் ஆடி மாதத்தில் அப்படியொரு நாள் அபூர்வம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து மழையைக் கேரளத்தோடு நிறுத்திவிடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சரிதான். ஆனால் மலையில் இடைவெளிகள் உண்டு: வடக்கே பாலக்காடு, தெற்கே ஆரல்வாய்மொழி, நடுவில் செங்கோட்டை. மழையைத் தொலைத்த காற்று இந்த வாசல்களில் நெருக்கிப் புகுந்து, வேகம் கூடி, கிழக்கே இறங்குகிறது. செங்கோட்டை வாசலில் நுழைந்த காற்றுக்குத் தென்காசியைத் தாண்டினால் தடுப்பென்று சொல்ல ஒன்றுமில்லை. கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் குவிந்திருப்பதும், தேசியக் காற்றாற்றல் நிறுவனம் தன் சோதனை நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருப்பதும் இதனால்தான். காற்றாலைக்குக் கிடைக்கும் திறனும் காற்று வேகத்தின் மூன்றாம் அடுக்கு. சைக்கிள்காரரைத் தண்டிக்கும் அதே கணக்கு காற்றாலைக்காரருக்குச் சம்பளம் கொடுக்கிறது.

வானிலை அறிக்கையில் வரும் காற்று வேகம் பத்து மீட்டர் உயரத்தில் அளந்தது. தரையின் உராய்வால் கீழே அது குறையும். அறிக்கை 25 என்று சொன்னால், வெறுங்காட்டில் உங்கள் நெஞ்சில் மோதுவது 15, 16 இருக்கும். அந்த 15 கிலோமீட்டர் எதிர்காற்றில், அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் கழுகுமலைக்கு மிதித்தால் என்ன ஆகும்? காற்றுக்கு மட்டும் 104 வாட். டயரையும் சேர்த்தால் 125. இதை மேடாக மாற்றிப் பார்க்கலாம். கூடுதலாக வந்த தடை, நூறு மீட்டருக்கு இரண்டேகால் மீட்டர் ஏறும் சாலைக்குச் சமம். கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை இருபது கிலோமீட்டர் என்றால், தரை தட்டையாகவே இருக்க, நீங்கள் 450 மீட்டர் உயர மலை ஒன்றில் ஏறி முடித்திருப்பீர்கள். மேடே இல்லாத நாடு என்று மேலே சொன்னதை இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். மேடு இருக்கிறது, ஆடியில் வரும், ஐப்பசியில் போய்விடும்.

ஏறியதற்குத் திரும்பும்போது இறக்கம் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், முழுதாகக் கிடைக்காது. அதே காற்று முதுகில் பட, அதே வேகத்தில் திரும்பினால் காற்றுத்தடை பூஜ்யம். டயருக்கு மட்டும் 21 வாட். போக 125, வர 21, சராசரி 73. காற்றில்லாத நாளில் இருவழிக்கும் சராசரி 47தான். காற்று வட்டி வாங்கிக்கொண்டுதான் அசலைத் திருப்பித் தருகிறது.

பக்கக்காற்று இன்னும் தந்திரக்காரன். கோவில்பட்டியிலிருந்து தெற்கே இடைசெவல் வழியாகக் கயத்தாறு போகிறீர்கள். மேல்காற்று வலது தோளில் அடிக்கிறது. முன்னாலிருந்து தள்ளவில்லையே என்று தோன்றும். ஆனால் உடம்பில் மோதும் மொத்தக் காற்றின் வேகம் 21 கிலோமீட்டராகிவிடுகிறது. தடை அந்த மொத்த வேகத்தோடு சேர்ந்து வளர்வதால், முன்னோக்கிப் போவதற்கான காற்றுத்தடை நாற்பது சதவீதம் ஏறிவிடும். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவலைப் பார்க்கப் போகும் இலக்கிய யாத்ரீகர்கள், தேசிய நெடுஞ்சாலையின் லாரிகள் கிளப்பும் காற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆடி மாதத்தில் நான் அந்தச் சாலையை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

“அண்ணாச்சி, ஆடியில மேக்க போறதுன்னா விடியுமுன்ன கெளம்பிரணும்” என்று இந்தப் பக்கத்து டீக்கடைகளில் சொல்வார்கள். இதன் பின்னால் நல்ல வளிமண்டல அறிவியல் இருக்கிறது. இரவில் தரை குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி அசையாமல் கிடக்கும். மேலே வேகமாக ஓடும் காற்று இந்தக் குளிர்ந்த அடுக்கின் முதுகில் வழுக்கிக்கொண்டு போய்விடும், கீழே இறங்காது. சூரியன் ஏறித் தரை சுட்டதும் சூடான காற்று மேலே கிளம்பும், மேலிருக்கும் வேகக்காற்று கீழே இறங்கும். ஒன்பது பத்து மணிக்குமேல் புழுதி கிளம்புவது இதனால். ஆகவே விடிகாலையில் மேற்கே கழுகுமலைக்குப் போய், குன்றின் நிழலில் மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டு, வெயில் தாழ முதுகுக்காற்றில் திரும்புவது புத்திசாலித்தனம். வட்டியைக் குறைக்க வேறு வழியில்லை.

இனி மண். கறுப்பு மண் என்றால் தக்காணத்து எரிமலைப் பாறையிலிருந்து வந்தது என்று பாடப்புத்தகம் சொல்லும். அது மகாராஷ்டிரத்துக்குப் பொருந்தும். கோவில்பட்டிக் கரிசல் பெரும்பாலும் உள்ளூர் நைஸ் வகைப் பாறைகள் அரை வறட்சியில், தாழ்வான சமவெளியில், சுண்ணாம்புச்சத்து வெளியேற வழியில்லாமல் மக்கி உருவானது. நிறத்தைப் பார்த்து மக்குச்சத்து நிறைந்த மண் என்று நினைக்கக் கூடாது. இருக்கிற கொஞ்சம் கரிமம் நுண்ணிய களியோடு இறுகப் பிணைந்து இந்தக் கறுப்பைத் தருகிறது.

இந்த மண்ணின் குணமெல்லாம் ஸ்மெக்டைட் என்ற களிக்கனிமத்தில் இருக்கிறது. அப்பளக்கட்டுபோல மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்த கனிமம் இது. ஒவ்வொரு தகடும் ஒரு நானோமீட்டர் தடிமன். நீர் கிடைத்தால் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும், மண் உப்பும். நீர் போனால் தகடுகள் நெருங்கும், மண் சுருங்கும். சித்திரையில் காட்டில் இறங்கிப் பார்த்தால் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள். முழங்கை மடிப்பைத் தாண்டியும் ஆழம் போகும். மேல்மண் உதிர்ந்து வெடிப்பில் விழும். மழை வந்ததும் மண் உப்பி வெடிப்பு மூடும். இப்படி ஆண்டாண்டாக இந்த மண் தன்னைத்தானே உழுதுகொள்கிறது.

சாலைக்கு இதனால் என்ன? தாருக்கு அடியில் இருக்கும் மண் மூடிய பாத்திரத்தில் இருப்பதுபோல ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். ஓரத்து மண் கோடையில் காய்ந்து சுருங்கி இறங்கிவிடும். விளைவாகச் சாலையின் விளிம்பை ஒட்டி நீளவாக்கில் வெடிப்பு ஓடும். விளிம்பு வெளிப்பக்கமாகச் சாயும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் இது ஒரு குலுங்கல். ஓரத்திலேயே ஓட்ட வேண்டிய சைக்கிள்காரருக்கோ சக்கரத்தைக் கவ்வும் பள்ளம். வழியில் மின்கம்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்பதிலும் இந்த மண்ணின் கை உண்டு. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்குக் கடப்பாரையால் தோண்டிக் கரிசலை எடுத்துப்போட்டுவிட்டுச் செவல் கொண்டுவந்து நிரப்புவதும் இதைத் தெரிந்துதான்.

தார் விட்டு வண்டிப்பாதையில் இறங்க ஆசைப்படுகிறவர்கள் மாதத்தைப் பார்க்க வேண்டும். தை, மாசியில் காய்ந்து இறுகிய பாதை தாருக்குச் சற்றுத்தான் இளைத்தது. கோடையில் பொடிப்பொடியாகப் புழுதி கிடந்தால் உருளும் தடை பல மடங்காகும். மழை பெய்த மறுநாள் இறங்கவே கூடாது. தூறலில் நனைந்த கரிசல்தான் கொட்டும் மழையில் கரைந்த கரிசலைவிட மோசம். களியின் ஒட்டும் தன்மை உச்சத்தில் இருப்பது அந்த நடுவாந்திர ஈரத்தில். நாலு சுற்றுக்குள் டயர் இரண்டு மடங்கு பருத்துவிடும். அடுத்த நாலு சுற்றில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மண் இறுகிச் சக்கரம் நின்றுவிடும். குச்சியால் குத்தி எடுத்தால் பத்தடி போகலாம். அதற்குமேல் சைக்கிள் உங்கள் தோளில்தான் சவாரி செய்யும்.

இந்தக் குறும்புக்கார மண்ணைப் புரிந்துகொள்ளவே கோவில்பட்டியில் 1901-இல் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை தொடங்கப்பட்டது. இன்று அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையம். கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் கம்பிலும் அங்கே நடந்த வேலை நூறாண்டு தாண்டியது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1891-இல், லாயல் மில் ஊருக்கு வந்துவிட்டது. பருத்தியும் நூலும் இந்த ஊரை வளர்த்ததற்கு மண்ணின் நீர்க்கணக்கே அடிப்படை. இங்கே ஆண்டு மழை 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆழமான கரிசல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பயிர் உறிஞ்சக்கூடிய நீராக 150, 200 மில்லிமீட்டரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மழை நின்று வாரங்கள் ஆன பிறகும் உளுந்தும் பாசியும் கம்பும் மல்லியும் மக்காச்சோளமும் நிற்பது அந்தச் சேமிப்பில்.

ஆகவே சைக்கிளுக்கு உகந்த பருவத்தைப் பஞ்சாங்கம் பார்க்காமலே சொல்லிவிடலாம்: மார்கழிக் கடைசி தொடங்கி மாசி வரை. மண் காய்ந்துவிட்டது, காடு இன்னும் பச்சை, வாடைக்காற்று மெல்லியது. மார்கழி விடியலில் கிளம்பினால் இன்னொன்றையும் கவனிக்கலாம். கண்ணுக்கே எட்டாத ஊரின் கோயில் ஒலிபெருக்கி பக்கத்துத் தெருவில் பாடுவதுபோலக் கேட்கும். காரணம், முன்பு சொன்ன அதே குளிர்ந்த அடுக்கு. ஒலி சூடான காற்றில் வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். கீழே குளிர்ச்சி, மேலே வெப்பம் என்று இருந்தால், மேல்நோக்கிக் கிளம்பிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பி வருகிறது. தட்டை நிலத்தில் அதை மறிக்க ஒன்றுமில்லை. எட்டு மணிக்குமேல் வெப்பம் தலைகீழாகிவிடும். ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். ஒலிபெருக்கி அதே சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தாலும் உங்களுக்குச் செயினின் சத்தமும் கம்பியில் உட்கார்ந்த பனங்காடையின் கரகரப்பும்தான் மிஞ்சும்.

பங்குனிக்குமேல் ஒளியும் இப்படி வளைந்து விளையாடும். தார்ச்சாலை சுடும்போது அதை ஒட்டிய காற்று மேலிருக்கும் காற்றைவிட இருபது பாகை வரை சூடாக இருக்கலாம். அந்த எல்லையில் ஒளி மேல்நோக்கி வளையும். வானத்தின் ஒரு துண்டு சாலையில் தண்ணீராகக் கிடக்கும். ஆனால் மிகச் சாய்வாக, அரைப் பாகைக்கும் குறைவான கோணத்தில் பார்த்தால்தான் இது தெரியும். ஒன்றரை மீட்டர் உயரக் கண்ணுக்கு அந்தக் கோணம் கிடைப்பது 250, 300 மீட்டருக்கு அப்பால். அவ்வளவு தூரம் நேராகவும் சமமாகவும் சாலை இருக்க வேண்டும். எட்டயபுரம் சாலைக்கு அதில் குறையே இல்லை. நீங்கள் நெருங்க நெருங்கக் கானல் அதே 300 மீட்டரில் விலகிப் போய்க்கொண்டே இருக்கும்.

உடம்பின் வெப்பக்கணக்கைப் பார்த்துவிடுவோம். தசை ஒரு பங்கு வேலை செய்தால் மூன்று பங்குக்குமேல் வெப்பமாக விடுகிறது. 50 வாட்டில் மிதிப்பவர் உடம்பின் அன்றாடச் செலவையும் சேர்த்து 250 வாட் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். வெளிக்காற்று தோலைவிடச் சூடாக இருக்கும் சித்திரை மத்தியானத்தில் வியர்வை ஆவியாவது ஒன்றே வழி; அதற்கு மணிக்கு அரை லிட்டர் வரை நீர் வேண்டும். இங்கேதான் முதுகுக்காற்றின் வஞ்சகம் வெளிப்படும். காற்றும் நீங்களும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் போனால் உடம்பில் காற்றே படாது. மிதிப்பது சுலபம், ஆனால் வியர்வை உலராமல் சொட்டும், தலை சுற்றும். எதிர்காற்றில் களைத்து விழுந்தவர்களைவிட முதுகுக்காற்றில் மயங்கிச் சாய்ந்தவர்களுக்குத்தான் அது ஏன் என்று புரிவதில்லை. பதநீரோ உப்புப் போட்ட மோரோ கண்ட இடத்தில் இறங்கிவிட வேண்டும்.

சாப்பாட்டுக் கணக்கு வேடிக்கையானது. கோவில்பட்டியிலிருந்து பாரதி பிறந்த எட்டயபுரம் பதினைந்து கிலோமீட்டர் அளவு, நம் வேகத்தில் ஒரு மணி நேரம். அதற்கு உடம்பு கூடுதலாகச் செலவழிப்பது 190 கிலோகலோரிக்குள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டிக் கடலைமிட்டாயில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி இருக்கும். அப்படியானால் எட்டயபுரம் போய்ச்சேர நாற்பது கிராம் கடலைமிட்டாய் போதும். நூறு கிராம் பொட்டலம் ஒன்று வாங்கினால் போய்த் திரும்பியும் மிச்சமிருக்க வேண்டும். மிச்சமிருப்பதில்லை. அது இயற்பியலின் குற்றமில்லை.

கடைசியாக முள். சாலையோரம் குடைபோல விரிந்து நிற்கும் உடைமரம் இந்தப் பூமியின் பூர்வகுடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம் அதைச் சுற்றி வளைத்துவிட்டது. இரண்டுக்கும் முள் உண்டு. 85 கிலோ சுமையை மூன்று வளிமண்டல அழுத்தத்தில் தாங்கும் இரண்டு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர்தான். அதில் பின்டயர் சுமப்பது அதிகம். முள்ளின் நுனியோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அத்தனை சிறிய பரப்பில் சில கிலோ எடை இறங்கினாலே ரப்பர் தோற்றுவிடும். 1888-இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியபோது அங்கே கருவேலங்காடு இல்லை.

கூடவே இருக்க வேண்டியவை: கைப்பம்பு, இரண்டு மூன்று ஒட்டு, சொல்யூஷன், உப்புக்காகிதத் துண்டு, வால்ட்யூப். வால்ட்யூப் இற்றுப்போய்க் காற்று இறங்குவதைப் பஞ்சர் என்று நினைத்து டயரைப் பிரிக்கிறவர்கள் அநேகம். வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. பஞ்சர்தான் என்றால், ட்யூபைத் தேய்த்துச் சொல்யூஷன் தடவியதும் ஒட்டை வைக்க அவசரப்படக் கூடாது. அதிலிருக்கும் கரைப்பான் பறந்து, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு அழுத்தினால்தான் ரப்பரும் ரப்பரும் கவ்வும். அந்த இடைவெளியில் டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். கருவேல முள் பெரும்பாலும் உள்ளேயே ஒடிந்து கிடக்கும். அதை எடுக்காமல் ட்யூபை மட்டும் ஒட்டி மாட்டினால், அடுத்த ஊர் வருவதற்குள் மறுபடியும் இறங்க வேண்டியிருக்கும்.